வாத்தியாரைப் பறித்தால் வீரன் என்னாவான்?

மலைமேல் இருக்கும் மஞ்சக்குட்டைக்கும் கடலோர வடசென்னைக்கும் என்ன உறவு? உழைப்பு என்னும் உறவு! சேர்வராயன் மலையிலே காப்பிப் பழம் பறிக்கும் கை; அங்கே மூட்டை சுமக்கும் கை. அந்தக் கை முட்டியாக மடங்கிக் களம் புகுந்த கதைதான் 'சார்பட்டா பரம்பரை'. 2021 ஜூலை 22-இல் கொட்டகைக்கு வராமல் இணையத்தில் வெளியான படம். ஆகவே மலைத் தோழனும் கைப்பேசியிலே காணலாம்.

பா. இரஞ்சித் இயக்கிய இப்படத்தில் ஆர்யா ஏற்ற கபிலனைப் பலரும் போற்றினர். நாம் சுட்ட விரும்புவது பசுபதி ஏற்ற ரங்கன் வாத்தியாரை! நரை கண்டவர், கழகத்துக்காரர். பரம்பரையின் மானம் காக்க ஓர் ஆள் தேவைப்பட்டபோது, பெற்ற மகன் வெற்றிச்செல்வனையா நிறுத்தினார்? இல்லை. திறமை தொழிலாளி கபிலனிடம் இருந்தது, அவனையே நிறுத்தினார். இரத்தபாசம் தோற்றது, நியாயம் வென்றது. பொறுப்புக்கு ஆள் தேடும் எவரும் நெஞ்சில் நிறுத்தவேண்டிய பாடம்!

1975 ஜூன் 25: நெருக்கடி நிலை. 1976 ஜனவரி 31: கழக ஆட்சி கலைப்பு. அந்த வரலாறு படத்தில் குத்துச்சண்டை மேடைக்கே வந்துவிடுகிறது. கபிலன் வெற்றியின் விளிம்பில் நிற்கிறான். போலீஸ் வாத்தியாரை இழுத்துச் செல்கிறது. சாதி வெறியர்கள் கபிலனின் ஆடையை உருவி அவமதிக்கிறார்கள். பிறகு? அடிதடி, சிறை, சாராயம்!

"குத்துச்சண்டை ரவுடியைத்தான் வளர்க்கும்" என்பார் உண்டு. கணவனைப் பறிகொடுத்த தாய் பாக்கியம் அப்படி அஞ்சினாள். அந்த அச்சத்தை நாம் பழிக்கமாட்டோம். ஆனால் கபிலனைக் கெடுத்தது களமா? வாத்தியார் இருந்தவரை அவன் வீரன். வாத்தியாரைப் பறித்த பின்னரே அவன் வீழ்ந்தான். பீடி ராயப்பன் என்னும் இன்னொரு முதியவர் கைகொடுத்த பிறகே மீண்டும் எழுந்தான்.

உலகம் அறிந்த சான்றும் உண்டு. வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்த முகமது அலியின் பட்டம் 1967-இல் பறிக்கப்பட்டது. 1974-இல் அதை மீட்டபோது அருகே நின்றவர் யார்? பழைய பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி! பட்டத்தைப் பறிக்க முடிந்தது. வாத்தியாரைப் பிரிக்க முடியவில்லை.

தோழர்களே! திரைவீரனுக்குச் சீட்டியடிப்பதோடு நம் கடமை முடியவில்லை. மாலையானால் சாராயக் கடையைத் தவிரப் போக்கிடமில்லாத இளைஞன் மலையிலும் உண்டு, நகரிலும் உண்டு. அவனுக்கு ஒரு திடல் வேண்டும். கற்றுத்தர ஒரு மூத்தவர் வேண்டும். அவர் வயிறு வாட ஊதியமும் வேண்டும். ஊர்தோறும் படிப்பகம் கண்ட இயக்கம், மஞ்சக்குட்டை முதல் வடசென்னை வரை பயிற்சிக்கூடமும் காணட்டும்!