இருவர் ஒருங்கே அழைத்தால்?

ஆனி மாதம். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவில் திருவிழா. குறிகட்டுவானிலிருந்து படகு படகாக அடியார்கள் வந்திறங்குகின்றனர். நெரிசலில் ஒரு குழந்தை தாயின் கையை விட்டுப் பிரிந்துவிட்டது எனக் கொள்வோம். கலங்கிய தாய் கணவனைக் கைத்தொலைபேசியில் அழைக்கிறாள். அதே கணத்தில் அருகில் நிற்கும் வேறொருவரும் வீட்டுக்கு அழைக்கிறார். இரண்டு அழைப்பும் ஒரே அலைவரிசையில் கோபுரத்தை நோக்கிச் சென்று மோதினால் இரண்டுமே சிதைந்துவிடக்கூடும். அவ்வாறாயின் அத்தாயின் அழைப்பு எங்ஙனம் கரைசேரும்?

இவ்வினாவுக்கு விடை பிறந்த இடமும் தீவுகளே. பசிபிக் சமுத்திரத்து ஹவாய்த் தீவுகளில் சிதறிக் கிடந்த கல்லூரிகளை ஹொனலூலுவிலிருந்த பல்கலைக்கழகக் கணினியோடு வானொலி அலைகளால் இணைக்க விரும்பினார் பேராசிரியர் நோர்மன் ஏப்ரம்சன். 1971 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இயங்கத் தொடங்கிய அவ்வமைப்பின் பெயர் அலோஹா.

அங்கே யாவருக்கும் பொதுவாக ஓர் அலைவரிசை. செய்திகள் சிறு சிறு பொதிகளாகச் செல்லும். "இனி உன் முறை" என்று சொல்ல விதானையார் எவரும் இல்லை. விரும்பிய வேளையில் அனுப்பலாம். பொதி பழுதின்றிச் சேர்ந்தால் "கிடைத்தது" என்று மறுமொழி வரும். வராவிடின் மீண்டும் அனுப்ப வேண்டும்.

உடனே அனுப்பலாமா? ஆகாது. மோதிய இருவரும் ஒரே அளவு நேரம் பொறுத்திருந்தால் மறுபடியும் மோதுவர். ஆதலால் ஒவ்வொரு கருவியும் குருட்டாம்போக்கில் ஒரு நேரத்தைத் தெரிந்து, அதுவரை காத்திருக்கும். சூட்சுமம் இதுவே.

ஆயினும் இம்முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் நூற்றுக்கு 18 பங்களவே பயன்படும் என்று ஏப்ரம்சன் கணக்கிட்டார். காலத்தைச் சம கூறுகளாக வகுத்து, ஒவ்வொரு கூற்றின் தொடக்கத்தில் மாத்திரம் அனுப்பினால் அப்பயன் இருமடங்காகும் என்று 1972 இல் லோறன்ஸ் றொபேட்ஸ் காட்டினார். கைத்தொலைபேசி கோபுரத்தை முதலில் அழைக்கும்போது இன்றும் இவ்வழியையே தழுவுகிறது.

மாணவர்களே, வீட்டில் சோதித்துப் பாருங்கள். இருவர் ஒருங்கே மூன்று எண்ணித் தத்தம் பெயரைச் சொல்லுங்கள். எத்தனை முறை சொன்னாலும் குழப்பமே. பின்பு ஆளுக்கொரு பகடை உருட்டி, விழுந்த தொகைவரை மனத்துள் எண்ணிச் சொல்லுங்கள். தொகை ஒன்றானால் மீண்டும் உருட்டுங்கள். விரைவில் இரு பெயரும் தெளிவாகக் கேட்கும்.

ஆனால் அழைப்போர் தொகை அளவு மீறினால் மோதலே மிகும். பொறுமையும் பயன் தராது. ஆகவே, திருவிழாக் கூட்டத்தில் நிற்கும்போது ஊர்க்கதைகளைக் கரை திரும்பிய பின் பேசுவோம். அவ்வேளை அலைவரிசை அந்தத் தாய்க்கு உதவட்டும்.