ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக்: முதல் வேலை அல்ல, கடைசி வேலை

பழைய காரை ராலிக்குத் தயார் செய்பவர்களிடையே ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. கேபிளில் இயங்கும் ஹேண்ட்பிரேக் போட்டிக்கு உதவாது, அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக் மாட்டினால்தான் அது ராலிக் கார் என்பதே அந்த நம்பிக்கை. பிரிட்டனின் ஃபோர்டு எஸ்கார்ட்டையே எடுத்துக்கொள்வோம். 1972 முதல் 1979 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆர்.ஏ.சி. ராலியை வென்ற வண்டி அது. பழைய கார்களுக்கான ராலிகளில் இன்றும் பரவலாக ஓடுகிறது. அப்படி ஒரு வண்டி கைக்கு வந்ததும் பலர் செய்கிற முதல் செலவுகளில் ஒன்று, கியர் லீவருக்குப் பக்கத்தில் நெட்டுக்குத்தாக நிற்கும் அந்த நீண்ட கைப்பிடி. இந்த வரிசை தவறு. பிரேக் வேலைகளில் ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக் கடைசியாக வர வேண்டியது. அது வந்தாலும் கேபிள் வண்டியிலேயே இருக்க வேண்டும்.

கேபிளை இழுத்தால் பின்சக்கரம் லாக் ஆகாது என்பதுதான் முதல் குற்றச்சாட்டு. சாதாரண எஸ்கார்ட்டின் பின்சக்கரங்களில் இருப்பவை டிரம் பிரேக்குகள். டிரம் சுழலும்போது இரண்டு ஷூக்களில் ஒன்றைத் தன்னோடு இழுத்து, இன்னும் இறுக்கமாகத் தன்மேல் அழுத்திக்கொள்ளும். கேபிள் கொடுக்கும் சிறிய விசையை டிரம்மே பெருக்கித் தருகிறது. அப்படியிருந்தும் பிரேக் பிடிக்கவில்லை என்றால் குறை வேறெங்கோ இருக்கிறது: துருப்பிடித்து இறுகிய கேபிள், தேய்ந்த பின்கள், இறுகிப்போன லீவர்கள், ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே கூடிப்போன இடைவெளி, ஓவலாகிவிட்ட டிரம். அத்தனையும் நாற்பது, ஐம்பது ஆண்டு வயதின் குறைகள். அவற்றைச் சரிசெய்யாமல் ஹைட்ராலிக் லீவர் மாட்டினால், அந்த ஓவல் டிரம்மும் தேய்ந்த ஷூவும் அப்படியே இருக்க, அவற்றின்மேல் கூடுதல் அழுத்தம்தான் விழும்.

அந்த அழுத்தமும் மாயமாக வருவதில்லை. கைப்பிடி ஒரு மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். கை இருபது கிலோ விசையில் இழுத்து, லீவர் அதை எட்டு மடங்காக்கினால் பிஸ்டன்மேல் 160 கிலோ விழும். சிலிண்டரின் உள்விட்டம் முக்கால் அங்குலமென்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 56 கிலோ அழுத்தம். 5/8 அங்குலமென்றால் சுமார் 80 கிலோ. சிறிய சிலிண்டரில் அழுத்தம் கூடும், ஆனால் ஒரே இழுப்பில் நகரும் பிரேக் ஆயில் குறையும். பின்பக்க வீல் சிலிண்டருக்கு எவ்வளவு ஆயில் வேண்டும் என்று கணக்குப் பார்க்காமல் கடையில் கிடைத்ததை மாட்டினால், ஒன்று கைப்பிடி கல்லாக நிற்கும், அல்லது கடைசிவரை வந்தும் சக்கரம் நிற்காது.

இதைவிடக் கவலைக்குரியது கால் பிரேக்குக்கு நேர்வது. வழக்கமான அமைப்பில், பெடலிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் ஆயில் இந்தப் புதிய சிலிண்டரின் வழியாகவே போகிறது. கைப்பிடி முழுதாகத் திரும்பாமல் பிஸ்டன் சற்றே முன்னால் நின்றுவிட்டால், ஆயில் நுழையும் துளை மூடிக்கொள்ளும். பிறகு பெடலை எவ்வளவு மிதித்தாலும் பின்பிரேக்குக்கு அழுத்தம் போகாது. அடைபட்ட ஆயில் சூட்டில் விரிந்து பிரேக்கைப் பிடித்துக்கொண்டும் இருக்கும். பிஸ்டனைத் தள்ளும் புஷ்ராடில் ஒரு மயிரிழை இடைவெளி விடாத குறை, வளைவில் வண்டியைத் தூக்கி எறியப் போதும். குறுக்குச் சர்க்யூட் உள்ள முன்சக்கர இயக்கக் கார்களில் சிக்கல் இன்னும் பெரிது. ஒரு சர்க்யூட்டில் ஒரு பின்சக்கரம்தான் இருப்பதால், ஒற்றைச் சிலிண்டர் ஒரு பக்கத்தை மட்டுமே பிடிக்கும்.

அடுத்தது பார்க்கிங் பிரேக். பிரிட்டனின் ராலிகளில் நேரம் கணக்கிடும் ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்ததற்குப் பொதுச்சாலையில்தான் போக வேண்டும். நிறுத்திய வண்டியை நேரடி இயந்திர இணைப்பே பிடித்து நிறுத்த வேண்டும் என்கின்றன அந்நாட்டுச் சாலை விதிகள். காரணம் எளிது: சீல் கசிந்தாலும் ஆயில் குளிர்ந்தாலும் அழுத்தம் இறங்கிவிடும், சரிவில் நிற்கும் வண்டி உருளும். நாற்பது வயது தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத வண்டிக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. சாலைக்குத் தகுதியாக இருக்கும் கடமையிலிருந்து விலக்கு இல்லை. 1959இல் வந்த மினி போன்று ஒரே சர்க்யூட் கொண்ட பழைய வண்டிகளில் கேபிள் இருப்பது உயிர்ப் பிரச்சினை. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அப்போது மிஞ்சுவது கேபிள் மட்டுமே. அதையும் அதே ஆயிலோடு கட்டிவிட்டால் எதுவும் மிஞ்சாது.

தார்ச்சாலையின் கொண்டையூசி வளைவுகளில் டயர் பிடிமானம் அதிகம், அங்கே கேபிள் தோற்றுப்போகிறது என்பார்கள். அது உண்மை. பின்பக்கம் டிஸ்க் மாற்றி, கேபிள் இணைப்பே இல்லாத ரேஸ் காலிபர் போட்டவருக்கு ஹைட்ராலிக் தவிர வேறு வழியில்லை என்பதும் உண்மை. அந்த நிலைக்கு வந்தவர் சரியான சிலிண்டரைத் தேர்ந்து மாட்டட்டும்; வண்டியை நிறுத்தக் கேபிளில் இயங்கும் தனிக் காலிபரையும் சேர்த்து மாட்டட்டும். ஆனால் மற்ற வளைவுகளில் காரைத் திருப்புவது எடை மாற்றமும் ஆக்ஸிலரேட்டரும்தான். எரிக் கார்ல்சன் 1960 முதல் 1962 வரை மூன்று ஆர்.ஏ.சி. ராலிகளையும், 1962, 1963 மான்டி கார்லோ ராலிகளையும் சாப் 96 காரில் வென்றார். எஞ்சின் சக்தி குறைந்த, முன்சக்கர இயக்க வண்டி அது. ஆக்ஸிலரேட்டரை விடாமல் இடது காலால் பிரேக்கை மிதித்து வாலைத் திருப்பும் கலைக்கு அவர் பெயர்பெற்றவர். அந்தக் கலைக்கு வேண்டியது நன்றாகச் சரிசெய்த கால் பிரேக், கைப்பிடி அல்ல.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: டிரம், ஷூ, வீல் சிலிண்டர், குழாய்கள் முதலில், புதிய கேபிளும் அதன் சரியான இழுவையும் அடுத்து, ஓட்டுநரின் பயிற்சி அதற்கும் அடுத்து. இவ்வளவுக்குப் பிறகும் ஸ்டாப்வாட்ச் குறை காட்டினால், ஹைட்ராலிக்கைப் பற்றி யோசிக்கலாம். இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறவர் வேகத்தை விலைக்கு வாங்கவில்லை. கவனிக்காமல் விட்ட பிரேக்கின்மேல் இன்னும் இரண்டு ஆயில் இணைப்புகளைத்தான் கூட்டுகிறார்.