ஸ்கேன் பண்ணினால் மட்டும் ஏன் வலிப்பதில்லை?

பர்ஸில் ஒரே ஒரு 500 ரூபாய் நோட்டு இருந்தால் அதை மாற்ற யாருக்கும் லேசில் மனசு வராது. மாற்றினால் கரைந்துவிடும் என்று தெரியும். அதே 500 ரூபாய் வங்கிக் கணக்கில் இருந்தால்? டீக்கு 15, பஜ்ஜிக்கு 20, போகிற வழியில் ஒரு முழம் பூ 40 என்று ஓடிக்கொண்டே இருக்கும். மாதக் கடைசியில், "அப்படி என்னதான் வாங்கினோம்?" என்று வீட்டில் பஞ்சாயத்து நடக்கும்.

இதை ஆய்வாளர்கள் 'பணம் கொடுக்கும் வலி' என்கிறார்கள். நோட்டை எண்ணி நீட்டும்போது சுருக்கென்று தைக்கிறதே, அதுதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி-யைச் சேர்ந்த டிரேசன் பிரெலெக்கும் டங்கன் சிமெஸ்டரும் மாணவர்களிடம் கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டுகளை ஏலம் விட்டுப் பார்த்தார்கள். ரொக்கம் கட்ட வேண்டியவர்களைவிட, கிரெடிட் கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு தொகைக்குக் கேட்டார்கள். 2001-ல் வெளியான ஆய்வு இது. டிக்கெட் அதேதான், கட்டும் வழி மட்டும்தான் வேறு.

நமக்கு 2016-ல் யு.பி.ஐ வந்தது. மீதிச் சில்லறைக்குப் பதில் மிட்டாய் வாங்கிய தொல்லை ஒழிந்தது. ஆனால், செலவுக்கு முன் ஒரு நொடி யோசிக்கவைத்த தடங்கலும் சேர்ந்தே போனது. மிச்சமிருந்தது பின் நம்பர் மட்டும்தான். 2022-ல் வந்த யு.பி.ஐ லைட்டில் அதுவும் வேண்டாம். இப்போது ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் நம்பர் போடாமலே அனுப்பலாம்.

அதற்காக போனைத் தூக்கி எறிய முடியாது. அஞ்சறைப்பெட்டியில் பால், மளிகை என்று அம்மா காசு பிரித்துவைத்த அதே வேலையை போனிலும் செய்யலாம்.

* யு.பி.ஐ லைட்டில் அதிகபட்சம் 5,000 ரூபாய் வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்தின் சில்லறைச் செலவுக்கான தொகையை மட்டும் அதில் போடுங்கள். டீ, பூ, ஆட்டோ எல்லாம் அதிலிருந்துதான்.

* 'ஆட்டோ டாப்-அப்' வசதியை நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் தீரத் தீரத் தானாக நிரம்பும், கணக்கு வைத்ததற்கே அர்த்தம் இருக்காது.

* லைட்டில் போட்ட தொகை மட்டும்தான் பாஸ்புக்கில் தெரியும். எந்தக் கடையில் எவ்வளவு என்பதை ஆப்பில்தான் பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

* 'ஆட்டோபே' பக்கத்தைத் திறந்து பாருங்கள். யாரும் பார்க்காத ஓ.டி.டி-க்கு மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருக்கலாம். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த மெசேஜைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இன்னும் ஏ.டி.எம்-ல் எடுத்து, நோட்டாகத்தான் கொடுப்பேன் என்றால் கிண்டல் செய்ய வேண்டாம். மாதக் கடைசிப் பஞ்சாயத்தில், எங்கே செலவானது என்று பைசா சுத்தமாகச் சொல்லப்போவது அவர்கள்தான்.