எட்டாவது வாரத்தைத் தள்ளிப்போடுவதா தக்வா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்டு வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் கிரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ஆகிய குடல் அழற்சி நோய்களுக்கு ஆளானோரும் உளர். ரமளான் நெருங்கினால் அவர்களுக்கு நம் பெரியவர்கள் கூறும் அறிவுரை ஒன்றே: "ஊசியைப் பெருநாள் கழித்துப் போட்டுக்கொள், நோன்பை விட்டுவிடாதே." நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆயினும் இது மருத்துவமும் அன்று, மார்க்கமும் அன்று.

இன்ஃப்ளிக்ஸிமாப் என்னும் மருந்து நரம்பு வழியே டிரிப்ஸாக, சுமார் இரண்டு மணி நேரம் ஏற்றப்படுகிறது. முதல் தவணைக்குப் பின் 2ஆம் வாரம், 6ஆம் வாரம், அதன்பின் பொதுவாக 8 வாரத்திற்கு ஒருமுறை என்பது அதன் கணக்கு. அடுத்த தவணை நெருங்குகையில் இரத்தத்தில் மருந்தின் அளவு மிகவும் தாழ்ந்திருக்கும். இடைவெளி நீண்டால் நோய் திரும்பலாம். அதனினும் கேடு ஒன்றுண்டு: உடலின் எதிர்ப்பாற்றல் அம்மருந்தையே அந்நியமாகக் கண்டு முறியடிக்கத் தொடங்கலாம். பின்னர் ஏற்றினாலும் பலிக்காது போகலாம், ஒவ்வாமையும் வரலாம். "உடம்புதான் நன்றாயிருக்கிறதே" என்பவர், அந்த நலமே மருந்தினால் வந்தது என்பதை மறக்கிறார்.

அல்பகறா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் நோயாளி வேறு நாள்களில் நோன்பை நிறைவுசெய்ய இடமளிக்கின்றன. அல்லாஹ் அளித்த சலுகையைக் குறைவாக எண்ண நாம் யார்? 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியோ, ஊட்டமளிக்கும் திரவங்கள் தவிர்த்த ஊசிகள் நோன்பை முறிக்கா என்றே முடிவுசெய்தது. அதனை ஏற்காதவர் கணக்கையேனும் பார்க்கட்டும். எட்டு வாரம் என்பது 56 நாள். எனவே அத்தவணை ஒரு ரமளானில் ஒருமுறைக்கு மேல் வராது. ஒரே ஒரு நோன்பைக் களாச் செய்வதற்குப் பதிலாகக் குடலைப் பணயம் வைப்பதா?

காய்ச்சலோ காசநோய் அறிகுறியோ இருப்பின் மருத்துவரே தள்ளிவைப்பார், அது வேறு. எஞ்சிய நாள்களில் நோன்பு நோற்கலாமா என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும், பள்ளிவாசல் திண்ணையில் அன்று.

நோன்பு மட்டுமே தடை என்றும் சொல்வதற்கில்லை. புறநகர் ரயிலில் சென்னை சென்று மருந்தேற்றித் திரும்பினால் ஒரு பகல் கழியும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது ஒரு நாள் கூலி. முப்பது நாளும் நோன்புக் கஞ்சிக்குச் செலவிடும் ஜமாஅத்துகள் அந்தக் கூலியை ஈடுசெய்ய முன்வரட்டும். ஷஅபானிலேயே தவணைத் தேதியைக் கேட்டறிந்து, உடன் செல்ல ஒருவரையும் ஏற்பாடு செய்யட்டும்.