வாசலில் நிற்கும் லொறிக்கு யார் பொறுப்பு?

தோட்டக் காணியொன்று கைமாறிவிட்டால், பிறகு அங்கே எது எழும்பினாலும் அது வாங்கியவரின் காரியம் என்றே நாம் பொதுவாக எண்ணுகிறோம். ஆனால் அங்கிருந்து எழும் புகை வேலியோடு நின்றுவிடுவதில்லை. அமெரிக்காவின் தென் கலிபோர்னிய மக்கள் இதைப் பட்டறிந்து, நீண்டகாலம் குரல் எழுப்பி, ஒரு சட்டவிதியையும் பெற்றிருக்கிறார்கள். நிலத்தை விட்டுப் பெயர்ந்த எமது விவசாயக் குடும்பங்கள் அந்த விதியைப் பற்றி அறிந்திருப்பது நல்லது என்று நாம் கருதுகிறோம்.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கிழக்கே ரிவர்சைட், சான் பெர்னாடினோ என்னும் இரு மாவட்டங்கள் உண்டு. ஒருகாலத்தில் தோடந் தோட்டங்களும் முந்திரிகைத் தோட்டங்களும் பாற்பண்ணைகளும் நிறைந்திருந்த பூமி அது. 1873இல் ரிவர்சைட்டுக்குக் கொண்டுவரப்பட்ட விதையில்லாத் தோடை மரங்களில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. தோட்டங்களில் பெரும்பகுதிதான் இன்று இல்லை. அந்த நிலங்களில் பென்னம்பெரிய களஞ்சியங்கள் எழுந்திருக்கின்றன. லொஸ் ஏஞ்சல்ஸ், லோங் பீச் துறைமுகங்களில் இறங்கும் கொள்கலன்களில் பெருந்தொகையானவை லொறிகளில் இங்கே வந்து, பிரிக்கப்பட்டு, நாடெங்கும் அனுப்பப்படுகின்றன.

அந்தப் பகுதி மலைகள் சூழ்ந்த பள்ளம். கடற்காற்று புகையை உள்ளே தள்ளுகிறது. மலை அதை மறித்து நிறுத்துகிறது. டீசல் புகையிலுள்ள நைதரசன் ஒட்சைட்டுகள் வெயிலில் ஓசோனாக மாறி மூச்சுக் குழாய்களைத் தாக்குகின்றன. டீசல் கரித்துகளை நச்சுப்பொருள் என்று கலிபோர்னிய அரசு 1998இல் அறிவித்தது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் உறுதிப்படுத்தியது.

ரிவர்சைட் மாவட்டத்து மிரா லோமா ஊர் மக்கள் தெருவோரத்தில் நின்று, தங்கள் வீடுகளைக் கடந்து போகும் லொறிகளை எண்ணினார்கள். அந்தக் கணக்கோடுதான் அதிகாரிகளிடம் போனார்கள். இத்தகைய முயற்சிகள் பல ஊர்களில் பல ஆண்டுகள் நடந்தன. 2021 மே 7ஆந் திகதி, அப்பகுதியின் வளித்தரத்துக்குப் பொறுப்பான அதிகாரசபை 2305ஆம் இலக்க விதியை நிறைவேற்றியது.

அந்த விதி சொல்வது இதுதான். ஒரு லட்சம் சதுர அடியும் அதற்கு மேலும் பரப்புள்ள களஞ்சியத்தை நடத்துபவர், ஆண்டுதோறும் தன் வாசலுக்கு வந்து போகும் லொறிப் பயணங்களைக் கணக்கிட வேண்டும். வருவது ஒரு பயணம், போவது இன்னொன்று. மிகப் பெரிய லொறியின் ஒரு பயணம் இரண்டரைப் பயணமாகக் கொள்ளப்படும். இந்தத் தொகைக்கு ஏற்பப் புள்ளிகள் விதிக்கப்படும். புகையில்லா லொறிகளை வாங்குவது, அல்லது அவற்றைக் கொண்டு வேலை செய்விப்பது, மின்னேற்றும் நிலையம் அமைப்பது, கூரையில் சூரிய மின்தகடு பொருத்துவது, அயலிலுள்ள பாடசாலைகளுக்கும் வீடுகளுக்கும் காற்று வடிகட்டிகள் கொடுப்பது போன்ற வழிகளில் அந்தப் புள்ளிகளை ஈட்டலாம். இவை எதுவும் செய்யாதவர் புள்ளியொன்றுக்கு 1,000 டொலர் கட்ட வேண்டும். மிகப் பெரிய களஞ்சியங்கள் 2022இலும், அடுத்தவை 2023இலும், சிறியவை 2024இலும் விதிக்குள் வந்தன.

இதில் நாம் மதிப்பது ஒன்று உண்டு. புகைக்கான பொறுப்பு லொறிச் சாரதியின் தலையில் மட்டும் சுமத்தப்படவில்லை. அந்தத் துறைமுகச் சாரதிகளில் பலர் கடன்பட்டு லொறி வாங்கி ஓட்டுகிறவர்கள். மின்சார லொறியின் விலை அவர்களுக்கு எட்டாது. லொறியைத் தன் வாசலுக்கு அழைப்பவரும், அதனால் இலாபம் காண்பவரும் களஞ்சியக்காரரே. அவரிடமே கணக்குக் கேட்பது நியாயம். லொறி நிறுவனங்களின் சங்கம் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. கூட்டாட்சி நீதிமன்றம் 2023 டிசம்பரில் விதி செல்லும் என்று தீர்த்தது.

வேலை போய்விடும், களஞ்சியங்கள் வேறு மாநிலத்துக்குப் போய்விடும் என்ற அச்சமும் அங்கே எழுப்பப்பட்டது. களஞ்சியத்தில் உழைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் அந்த அச்சத்தை ஏளனம் செய்யலாகாது. ஆனால் கூலி பெறுபவரின் பிள்ளையும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறது. கூலிக்காக மூச்சை விற்கும்படி எவரையும் கேட்கக் கூடாது.

எமக்குள்ள மனக்குறை வேறொன்று. ஒரு களஞ்சியத்துக்கு ஆண்டில் 4,000 பெரிய லொறிப் பயணங்கள் என்று வைத்துக்கொள்வோம். விதி முழு அளவில் நடைமுறைக்கு வந்தபின் அதற்குரியவை 25 புள்ளிகள். எதுவும் செய்யாமல் பணமே கட்டினால் 25,000 டொலர். அதாவது பயணமொன்றுக்கு ஆறேகால் டொலர். பெருஞ் செல்வமுள்ள நிறுவனத்துக்கு இது பெரிய தொகையல்ல. கட்டப்படும் பணம் அருகிலுள்ள பகுதிகளில் தூய லொறிகளுக்கும் மின்னேற்றும் வசதிகளுக்கும் செலவிடப்பட வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. அது நல்லதே. ஆயினும் பணம் கட்டியவரின் வாசலில் அதே பழைய லொறி அதே புகையோடு நிற்கலாம். பத்திரம் சரியாக இருக்கும். காற்று சரியாக இராது. ஆகவே பணம் கட்டுவது கடைசி வழியாக இருக்க வேண்டுமேயன்றி, இலகுவான வழியாக இருக்கக் கூடாது.

விதியைக் கண்காணிப்பாரும் வேண்டும். அறிக்கை கொடுக்காதோருக்கு அதிகாரசபை அறிவித்தல் அனுப்பலாம். ஆனால் இரவில் எத்தனை லொறிகள் இயந்திரத்தை அணைக்காமல் நிற்கின்றன என்பதை அயலில் படுத்திருப்பவரே அறிவார். கணக்கு எழுதத் தெரிந்த ஊருக்கே விதி பயன் தரும்.

நாமும் மீண்டும் ஒரு நிலத்தில் கால் ஊன்றும்போது, அயலில் களஞ்சியமோ ஆலையோ வருகிறதென்றால், 'எத்தனை பேருக்கு வேலை?' என்ற கேள்வியோடு நின்றுவிட வேண்டாம். நாளொன்றுக்கு எத்தனை லொறிகள், எந்த வீதியால், எந்த நேரத்தில், யார் பொறுப்பில் என்றும் கேட்போம். அத்திவாரம் வெட்டுமுன் கேட்போம். மிரா லோமா மக்கள் களஞ்சியங்கள் எழும்பிய பிறகே கேட்கத் தொடங்க வேண்டியிருந்தது. அந்தத் தாமதத்தின் விலையை அவர்களின் பிள்ளைகள் செலுத்தினார்கள்.