சைடுகார் பைக், மூன்று சக்கர ஸ்கூட்டர்: கெத்து சரி, நமக்கு ஒத்துவருமா?

புல்லட்டின் இடப்பக்கம் பளபளவென்று ஒரு சைடுகார். உள்ளே கூலிங் கிளாஸ் மாட்டிய நாய்க்குட்டி, இல்லையென்றால் சிரித்துக்கொண்டே கையசைக்கும் ஒரு பாட்டி. இப்படி ஒரு ரீல்ஸ் வந்தால் கமென்ட்டில் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். "இதுக்கு எவ்ளோ ஆகும் ப்ரோ?", "ஆர்.டி.ஓ. பிடிக்க மாட்டாங்களா?"

இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது வேறு: மூன்றாவது சக்கரம் வந்ததும் ஒரு வண்டி என்னவாக மாறுகிறது? அது உண்மையில் யாருக்குத் தேவை?

சுருக்கமான பதில் இது. மூன்றாவது சக்கரம் ஆபத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. நிற்கும்போது விழும் பயம் போகும். வளைவில் கவிழும் பயம் வரும். காலை ஊன்றி வண்டியைத் தாங்க முடியாத ஒருவருக்கு இது மிக நல்ல பேரம். மற்றவர்கள் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த ஈர்ப்பு எங்கிருந்து வந்தது?

இன்று சொகுசாகத் தெரியும் சைடுகார், ஒரு காலத்தில் கார் வாங்க முடியாதவர்களின் கார். பிரிட்டனில் 1950-கள் வரை மனைவி, குழந்தைகளோடு வெளியே போக நடுத்தரக் குடும்பங்கள் நம்பியிருந்தது சைடுகார் மாட்டிய பைக்கைத்தான். 1959-ல் மினி கார் வந்தது. மழையில் நனையாமல் நான்கு பேர் போகக்கூடிய சின்ன, விலை குறைந்த கார் கிடைத்ததும் சைடுகார் சந்தை சரிந்தது.

இன்னொரு கிளை, போர்க்களம். ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ ஆர்71 பைக்கைப் பார்த்து சோவியத் ஒன்றியம் 1941-ல் எம்-72 என்ற சைடுகார் பைக்கை உருவாக்கியது. ஜெர்மன் படைகள் நெருங்கியதால் தொழிற்சாலை மாஸ்கோவிலிருந்து யூரல் மலைப் பகுதியிலுள்ள இர்பிட்டுக்கு மாற்றப்பட்டது. இன்று உலகமெங்கும் ரசிகர்கள் தேடும் 'யூரல்' பைக்கின் பிறப்பு அங்கேதான். 2022-ல் உக்ரைன் போருக்குப் பிறகு அதன் அசெம்பிளி கஜகஸ்தானுக்கு நகர்ந்தது. போரால் இடம்பெயர்ந்த பைக், இன்னொரு போரால் மறுபடி இடம்பெயர்ந்திருக்கிறது.

நம் நாட்டில் இந்த ஆசைக்கு 'ஷோலே'வும் ஒரு காரணம். 1975-ல் வந்த அந்தப் படத்துக்குப் பிறகு, சைடுகார் என்றாலே நட்பு, பாட்டு, நீளமான ரோடு என்று மனசில் பதிந்துவிட்டது. ஆனால் படத்தில் பாட்டு முடிந்தால் காட்சி மாறிவிடும். நாம் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வர வேண்டும்.

மூணு சக்கரம் என்றால் பாதுகாப்புதானே?

இந்த நம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது. 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். 'இன்னொரு சக்கரம் இருந்தால் நல்லதுதானே' என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் பைக் எப்படி வளைகிறது என்று யோசித்துப் பாருங்கள். 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் 36 கி.மீ. வேகத்தில் போனால், வண்டியின் எடையில் ஏறக்குறைய பாதி அளவுக்கு ஒரு விசை அதை வெளிப்பக்கம் தள்ளுவதுபோல் இருக்கும். பைக் சுமார் 27 டிகிரி சாய்ந்து அதைச் சமாளிக்கும். நாம் யோசிப்பதுகூட இல்லை, உடம்பே சாய்ந்துவிடுகிறது.

ஆட்டோவோ சைடுகாரோ சாயாது. அந்த விசை முழுவதும் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும். வண்டி எவ்வளவு அகலம், எடை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற இரண்டும்தான் காப்பாற்ற வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால், அதே வளைவில் 18 கி.மீ. வேகத்தில் போனால் விசை பாதியாக அல்ல, நான்கில் ஒரு பங்காகக் குறையும். மூன்று சக்கரத்தின் முதல் விதி இதுதான்: வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

சக்கரங்கள் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதும் முக்கியம். மூன்று சக்கரமும் தரையைத் தொடும் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். எடையின் அழுத்தம் அந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும். நம் ஆட்டோவில் முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. வளைவில் திரும்பிக்கொண்டே பிரேக் அடித்தால் எடை முன்பக்கமாகவும் வெளிப்பக்கமாகவும் ஓடும். அங்கேதான் முக்கோணம் குறுகலாக இருக்கிறது. அதனால்தான் அந்த நேரத்தில் ஆட்டோ ஒரு பக்கம் தூக்குகிறது.

இதற்கு மாற்றாக முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று என்ற அமைப்பும் உண்டு. பியாஜியோ 2006-ல் கொண்டுவந்த எம்பி3 ஸ்கூட்டரும், யமஹா பின்னர் கொண்டுவந்த நிகெனும் இன்னும் ஒரு படி மேலே போயின. முன்னால் இரண்டு சக்கரம் இருந்தும் இவை பைக்போலவே சாயும். ஈரச் சாலையில் பிடிப்பும் கிடைக்கும், சாய்வின் சுகமும் கிடைக்கும். ஆனால் இவ்வளவு நுட்பத்துக்கான விலையையும் எடையையும் ஏற்க வேண்டும்.

பைக் ஓட்டத் தெரிந்தவருக்கு சைடுகார் ஏன் கஷ்டம்?

பத்து வருஷம் புல்லட் ஓட்டியவர்கூட சைடுகாரில் முதல் நாள் தடுமாறுவார். காரணம், கையும் உடம்பும் பழகிய பழக்கம் இங்கே செல்லாது. சாய்த்துத் திருப்ப முடியாது. ஹேண்டில்பாரை கார் ஸ்டியரிங்போலத் திருப்பிப் பிடிக்க வேண்டும். தோளும் கையும் சீக்கிரம் களைத்துப்போகும்.

அடுத்தது, இழுப்பு. நம் நாட்டில் சைடுகார் இடப்பக்கம் இருக்கும். எஞ்சின் தள்ளுவது பைக்கின் பின்சக்கரத்தை மட்டுமே. ஆக்சிலரேட்டரைத் திருகினால் சைடுகார் பின்தங்கும், வண்டி இடப்பக்கம் இழுக்கும். பிரேக் அடித்தால் நேரெதிர். சைடுகாரில் பிரேக் இல்லையென்றால் அது முன்னால் தள்ளிக்கொண்டு வரும், வண்டி வலப்பக்கம் திரும்பும். நம் சாலையில் வலப்பக்கம் என்றால் எதிரே வண்டி வரும் பக்கம்.

இடது வளைவு இன்னும் சிக்கல். சைடுகார் காலியாக இருந்தால் அதன் சக்கரம் சட்டென்று தரையை விட்டு மேலே எழும். அதனால்தான் புதிதாகப் பழகுகிறவர்கள் காலி சைடுகாரில் மணல் மூட்டை வைத்து ஓட்டுவார்கள். வலது வளைவில் சைடுகார் வெளிப்பக்கம் இருப்பதால் தாங்கிப் பிடிக்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு.

இதெல்லாம் சரியாக மாட்டிய சைடுகாரின் கதை. சக்கரம் எவ்வளவு உள்நோக்கி இருக்க வேண்டும், பைக் எவ்வளவு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்றெல்லாம் அளவு பார்த்துப் பொருத்த வேண்டும். கிடைத்த பைப்பை வைத்து ஒரே நாளில் வெல்டிங் அடித்துத் தரும் வேலை இல்லை இது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988 பைக்கை வரையறுக்கும்போது, கழற்றி மாட்டக்கூடிய சைடுகாரையும் சேர்த்தே 'இருசக்கர வாகனம்' என்கிறது. அதாவது தரையில் மூன்று சக்கரம் ஓடினாலும் சட்டத்தின் கண்ணில் அது பைக்தான்.

அப்படியானால் தாராளமாக மாட்டிக்கொள்ளலாமா? அங்கேதான் பிரிவு 52 வருகிறது. ஆர்.சி. புக்கில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் இதை உறுதி செய்தது. எனவே பட்டறைக்குப் போகும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் மாற்றிய வண்டிக்கு விபத்து நேர்ந்தால், க்ளெய்ம் கேட்கும்போதுதான் அந்தக் கேள்வி எழும்.

ஹெல்மெட்? முன்பு சைடுகாரில் உட்கார்ந்திருப்பவருக்குச் சட்டத்திலேயே விலக்கு இருந்தது. 2019 திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் போட வேண்டும். ரீல்ஸில் வரும் பாட்டிக்கும்தான்.

அப்போ யாருக்கு இது உண்மையிலேயே தேவை?

இதே 2019 திருத்தத்தில் அதிகம் பேசப்படாத ஒரு மாற்றம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான வண்டியை முன்பு 'இன்வேலிட் கேரேஜ்' என்றது சட்டம். அந்தச் சொல் போய், 'அடாப்டட் வெஹிக்கிள்', அதாவது தேவைக்கேற்ப மாற்றியமைத்த வாகனம் என்ற சொல் வந்தது. அதைவிட முக்கியம்: தன் வண்டியை அப்படி மாற்றிக்கொள்பவர், மாற்றிய பிறகு பதிவு அதிகாரியிடம் ஒப்புதல் பெறலாம். மற்றவர்களுக்கு மூடியிருக்கும் கதவு இங்கே திறந்திருக்கிறது. அரசு விதித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டுத்தான் என்றாலும், இது பெரிய விஷயம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். அவர்களில் சுமார் 54 லட்சம் பேருக்கு நடமாட்டத்தில் சிரமம். இவர்களில் பலருக்கு சிக்னலில் ஒரு காலை ஊன்றி நிற்பதே முடியாத காரியம். ஸ்கூட்டரின் பின்பக்கம் இரு புறமும் ஒவ்வொரு சக்கரம் மாட்டினால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, இரு கால்களும் பாதிக்கப்பட்டு கைகள் நன்றாக இயங்குபவர்களுக்கு, இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டரை இலவசமாகவே வழங்குகிறது. கல்லூரிக்கோ வேலைக்கோ போக ஒவ்வொரு நாளும் ஒருவரைக் கூப்பிட வேண்டிய நிலை மாறுகிறது. ரீல்ஸில் கெத்தாகத் தெரியும் அந்தக் கூடுதல் சக்கரம், இங்கே ஒருவரின் சம்பளம், படிப்பு, தனியாக வெளியே போகும் உரிமை.

சென்னை ஐஐடி வளாகத்தில் உருவான நியோபோல்ட் இன்னொரு வழியைக் காட்டியது. வீல்சேரின் முன்னால் மோட்டாரோடு கூடிய ஒரு சக்கரத்தை மாட்டினால், அந்த நாற்காலியே மணிக்கு 25 கி.மீ. வரை ஓடும் மூன்று சக்கர வண்டி ஆகிவிடும். போய்ச் சேர்ந்ததும் முன்பகுதியைக் கழற்றிவிட்டு, அதே நாற்காலியில் உள்ளே போகலாம். ஸ்கூட்டரில் இந்த வசதி இல்லை. இறங்கியதும் வீல்சேருக்கு இன்னொரு கை வேண்டும்.

பிழைப்புக்கு மூன்று சக்கரம்

இன்னொரு பெரிய கூட்டம், மூன்று சக்கரத்தில் சம்பாதிப்பவர்கள். போரில் நொறுங்கிய இத்தாலியில் பியாஜியோ 1946-ல் வெஸ்பா ஸ்கூட்டரையும், 1948-ல் அதன் மூன்று சக்கர உறவான 'ஆப்பே'வையும் கொண்டுவந்தது. வெஸ்பா என்றால் குளவி, ஆப்பே என்றால் தேனீ. சரக்கு சுமக்க வந்த அந்தத் தேனீயின் வம்சம்தான் நம் ஆட்டோக்கள்.

இப்போது அது மின்சாரத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி, 2023-ல் சீனாவை முந்தி இந்தியா உலகின் மிகப்பெரிய மின்சார மூன்று சக்கர வாகனச் சந்தையானது. அந்த ஆண்டு விற்பனை 5.8 லட்சத்துக்கும் மேல். காருக்கு முன்பே இது நடந்ததற்குக் காரணம் எளிது. ஒரே ஊருக்குள் ஓடும் வண்டி, தினமும் ஓரளவு தெரிந்த தூரம், நடுவில் சார்ஜ் போட நேரம். பெட்ரோல் செலவில் மிச்சமாவது நேராக வீட்டுக்கு வருகிறது.

2024 ஜனவரியில் ஹீரோ மோட்டோகார்ப் குழுமத்தின் சர்ஜ் நிறுவனம் எஸ்32 என்ற வண்டியைக் காட்டியது. பகலில் சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி. வேலை முடிந்ததும் அதன் முன்பகுதியிலிருந்து ஒரு ஸ்கூட்டர் தனியாகக் கழன்று வரும். தொழிலுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என இரண்டு வண்டி வாங்க முடியாதவர்களை மனசில் வைத்து வந்த யோசனை அது.

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

* யார் உட்காரப் போகிறார்கள்? வாரம் ஒரு நாள் ரைடுக்கு என்றால் சைடுகார் ஆசைதான், தேவை இல்லை. அதைத் தெரிந்தே வாங்கலாம், தப்பில்லை.

* எந்த ரோடு? சந்து, மேடு பள்ளம், டிராஃபிக் என்றால் அகலம் பெரிய தலைவலி. பைக்போல இடுக்கில் நுழைய முடியாது. ஒன்றுக்கு மேற்பட்ட தடத்தில் சக்கரம் ஓடுவதால் ஏதாவது ஒன்று பள்ளத்தில் விழுந்தே தீரும்.

* இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் என்றால், பக்கச் சக்கரங்களுக்குச் சரியான சஸ்பென்ஷன் இருக்கிறதா என்று பாருங்கள். பாரம் முழுவதும் அவற்றிலேயே இறங்கினால், வண்டியைத் தள்ளும் நடுச்சக்கரம் பள்ளத்தில் சும்மா சுற்றும். ரிவர்ஸ் வசதியும் கேளுங்கள். காலால் உந்திப் பின்னால் தள்ள முடியாதவருக்கு அது அவசியம்.

* ஆர்.சி. புக்கில் மாற்றம் பதிவானதா, இன்சூரன்ஸில் சேர்ந்ததா? இரண்டுக்கும் பேப்பர் கையில் இருக்கட்டும்.

* ஓட்டிப் பார்த்தீர்களா? காலி மைதானத்தில் இடது வளைவு, வலது வளைவு, திடீர் பிரேக் மூன்றையும் மெதுவான வேகத்தில் பழகாமல் ரோட்டுக்கு வரவேண்டாம்.

கடைசியாக ஒன்று. இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் வந்துவிட்டால் மட்டும் பயணம் முடிந்துவிடாது. ஆபீஸ், மால், ரயில் நிலைய பைக் பார்க்கிங்குகளின் குறுகலான வரிசையில் அது நுழையாது. தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வா என்று இந்த வண்டியை ஓட்டுபவரிடம் சொல்லவும் முடியாது. வாசலுக்குப் பக்கத்தில் அகலமாக ஓர் இடம், அங்கிருந்து உள்ளே போக ஒரு சாய்தளம். உங்கள் ஆபீஸில் இது இருக்கிறதா என்று நாளைக்கே பார்க்கலாம். இல்லையென்றால் நிர்வாகத்துக்கு ஒரு மெயில் போடலாம்.