விதியும் விதிகளும்

தமிழில் ‘விதி’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று ஊழ், மற்றொன்று ஒழுங்குமுறை. இரண்டாவது விதியை மீறியவர்கள், கேடு விளைந்தபின் முதல் விதியின் பின்னே ஒளிந்துகொள்கின்றனர். நாமும் ‘எல்லாம் தலைவிதி’ என்று பெருமூச்செறிந்து அவர்களைத் தப்பவிடுகிறோம். இப்பழக்கம் ஒழிய வேண்டும்.

2023ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், ‘டைட்டானிக்’ கப்பலின் சிதைவைக் காண வட அட்லாண்டிக் கடலுள் இறங்கிய ‘டைட்டன்’ என்னும் நீர்மூழ்கிக் கலம் நொறுங்கியது, ஐவர் மாண்டனர். ஆழ்கடலின் சீற்றம் என்று சொல்லிவிடுதல் எளிது. ஆனால், கடல் எவரையும் ஏமாற்றவில்லை. 3,800 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் ஏறக்குறைய 390 கிலோகிராம் சுமை அழுத்தும் என்பது பள்ளி மாணவனும் கணக்கிடக்கூடிய உண்மையன்றோ?

அச்சுமையைத் தாங்க வேண்டிய உருளையைக் கரிம இழைகளை அடுக்கடுக்காகச் சுற்றி, பசையால் இறுக்கிச் செய்திருந்தனர். இழுக்கும் விசைக்கு ஈடுகொடுக்கும் அவ்விழை, நசுக்கும் விசைக்கு அந்த அளவு ஈடுகொடுப்பதில்லை. அடுக்குகள் உள்ளே பிரியலாம். மூழ்குந்தோறும் கண்ணுக்குப் புலப்படாத சேதம் வளரலாம். எனினும், தகுதிச் சான்று வழங்கும் எந்த அமைப்பிடமும் அக்கலத்தை ஒப்படைத்துச் சான்று பெறவில்லை. 2018இல் குறைகளை எழுத்தில் எடுத்துரைத்த நிறுவன அதிகாரி டேவிட் லாக்ரிட்ஜ் வேலையிழந்தார். அவ்வாண்டே துறை வல்லுநர் முப்பதுக்கும் மேற்பட்டோர் கடிதம் வரைந்து எச்சரித்தனர். 2022இல் கலம் மேலெழும்போது பேரொலி கேட்டது. கருவிகளின் பதிவும் மாறிற்று. அதற்குப் பின்னும் கலத்தை ஓய்வுபெறச் செய்யவில்லை. தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்று அமெரிக்கக் கடலோரக் காவற்படை 2025இல் அறிக்கை வெளியிட்டது.

‘விதிகள் புதுமையைத் தடுக்கும்; துணிவின்றி அறிவியல் வளருமா?’ என்பார் உளர். 2019இல் ‘லிமிட்டிங் ஃபேக்டர்’ என்னும் கலம், உரிய சான்று நடைமுறைக்கு உட்பட்டே, ஏறக்குறைய 10,900 மீட்டர் ஆழமுள்ள மரியானா அகழியின் அடியைப் பன்முறை தொட்டு மீண்டது. விதி அதன் துணிவைத் தடுத்ததா? உயிரோடு திரும்பச் செய்தது.

அட்லாண்டிக் நமக்குத் தொலைவு. உலு கிள்ளான் தொலைவன்று. 1993 டிசம்பர் 11ஆம் நாள் அங்கே ‘ஹைலண்ட் டவர்ஸ்’ அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 உயிர்கள் மாய்ந்தன. அப்போதும் மழையைப் பழித்தோம். மழை பெய்யாத நாடா இது? மேட்டுநிலத்து நீர் வடிய முறையான வடிகால் இல்லை. தடுப்புச் சுவர்கள் தாங்கவில்லை. சரிந்த மண், கட்டடத்தின் அடித்தூண்களையே தள்ளியது. 2000ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம், கட்டியவர், வரைபடம் தீட்டியவர், பொறியாளர் உள்ளிட்ட பலர்மீது பொறுப்பைச் சுமத்தியது. குற்றவாளிக் கூண்டில் மழை நிற்கவில்லை, மனிதரே நின்றனர்.

ஆசிரியப் பெருமக்களே, இதில் நமக்கும் பங்குண்டு. இடித்துரைப்பாரின் அருமையைப் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில் உருக்கமாகப் பாடம் நடத்துகிறோம். அடுத்த பாடவேளையில், ‘ஐயா, கரும்பலகையில் கணக்குத் தவறு’ என்று எழுந்து சொல்லும் மாணவனை ‘அதிகப்பிரசங்கி’ என்று அமர்த்துகிறோம். நானும் அமர்த்தியிருக்கிறேன்; இன்று நாணுகிறேன். அவ்வாறு வாயடைக்கப்பட்ட சிறுவன் நாளை பொறியாளனாகி, சுவரில் விரிசலைக் கண்டால் வாய் திறப்பானா? முதலாளியின் முகம் பார்த்து ஒப்பமிடுவானா?

தவற்றைச் சுட்டும் பிள்ளைக்கு வகுப்பறையில் நன்றி சொல்வோம். முதல் விதியை நம்புவோர் நம்பட்டும். இரண்டாம் விதியைக் காப்பது நம் கையில் உள்ளது.